அமெரிக்க வீட்டுக் கடனுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் என்ன தொடர்பு?

(வேலூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

2008ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடியைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஆற்காட்டிலிருந்து தொடங்குகிறேன். நவாப் முகமது அலி வாலாஜா கடன்பட்ட கதையைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். சென்னையில் வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடமே அவர் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். அதற்கு ஈடாகச் சீமை சீமையாக நிலவரி வசூலை எழுதிக் கொடுத்தார். வரி கட்டியவர் உழவர். கடன் பத்திரங்கள் கைமாறி லண்டன் வரை போயின. கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவரான பால் பென்ஃபீல்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே உறுப்பினர் ஆனார். 1785 பிப்ரவரி 28 அன்று அதே மன்றத்தில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் எழுந்து, இந்தக் கடன்களை விசாரிக்காமல் ஏற்கக் கூடாது என்று நெடுநேரம் வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1801இல், அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காடு நவாபின் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு மிச்சமிருந்த பத்திரங்களை ஒரு குழு ஆராய்ந்தபோது, கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

கடன் வாங்கியவர் ஒருவர், அதில் லாபம் பார்த்தவர் இன்னொருவர், கடைசியில் கட்டியவர் இவர்கள் யாரையும் அறியாத ஓர் உழவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவோம்.

2003 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கியது. பணம் மலிவானது, வீட்டு விலை ஏறியது. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று எல்லோரும் நம்பியதால், வருமானச் சான்று இல்லாதவருக்கும் கடன் கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டி, அப்புறம் தவணை திடீரென்று ஏறும். தவணை ஏறுவதற்குள் வீட்டின் விலையும் ஏறிவிடும், அதைக் காட்டி இன்னொரு கடன் வாங்கி இதை அடைத்துவிடலாம் என்று தரகர்கள் சொன்னார்கள். கடன் கையெழுத்தான அன்றே அவர்களுக்குக் கமிஷன் வந்துவிடும்.

நம் ஊர் அடகுக் கடைக்காரர் நகையை உரசிப் பார்க்காமல் பணம் தருவாரா? தரமாட்டார். நகை போலி என்றால் நட்டம் அவருக்கு. அமெரிக்காவில் இந்த உரசிப் பார்க்கும் வேலைதான் காணாமல் போனது. கடன் கொடுத்த நிறுவனம் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களில் நியூயார்க்கின் பெரிய நிதி நிறுவனங்கள் இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிட்டது. அங்கே ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டின் மேல் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். மூடிஸ், ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் போன்ற தர நிறுவனங்கள் அவற்றில் பெரும்பகுதிக்கு 'ஏ ஏ ஏ' என்ற உச்ச முத்திரை குத்தின. முத்திரைக்குக் கூலி கொடுத்தது, பத்திரத்தை விற்றவரே. இதைவிட வெளிப்படையான முறைகேடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனால் அது சட்டப்படிதான் நடந்தது.

2006இல் மத்திய வங்கியின் வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டது. வீட்டு விலை நின்றது, பிறகு இறங்கியது. தவணை கட்ட முடியாதவர்கள் வீட்டை விட்டார்கள். 2007 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி தன் மூன்று நிதித் திட்டங்களில் பணம் எடுப்பதை நிறுத்தியது. உள்ளே இருக்கும் அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களுக்கு என்ன விலை என்றே சொல்ல முடியவில்லை என்றது. அடுத்த மாதம் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் மக்கள் வரிசை கட்டினார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று, 158 வயதான லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்ற 8,500 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடாயிற்று. வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. வீட்டை இழந்தவர்களுக்கு இந்த வேகத்தில் உதவி போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை.

ஐஸ்லாந்து, நம் வேலூர் மாநகராட்சியைவிட மக்கள்தொகை குறைந்த நாடு. 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. நார்வேயின் வடகோடியில் நார்விக் என்று ஓர் ஊர். அந்த நகராட்சி, அமெரிக்காவிலிருந்து வந்த சிக்கலான பத்திரங்களில் பணத்தைப் போட்டு இழந்து நின்றது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். இந்திய வங்கிகள் அந்தப் பத்திரங்களைப் பெரிய அளவில் வாங்கவில்லை. ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, நெருக்கடிக்கு முன்பே, வீட்டுக் கடனுக்கும் ரியல் எஸ்டேட் கடனுக்கும், நட்டம் வந்தால் தாங்குவதற்காக, வங்கிகள் கூடுதல் மூலதனம் வைத்திருக்கும்படி செய்தார். வளர்ச்சிக்குத் தடை போடுகிறார் என்று அன்று பேசியவர்கள் உண்டு. அவர் செய்தது சரி என்று காலம் காட்டியது.

ஆனாலும் அடி விழுந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோலும் ஷூவும் போவது ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் கடைகளுக்கு. அங்கே ஒருவர் வேலை இழந்தால் முதலில் தள்ளிப்போடுவது புது ஷூவைத்தான். அது மட்டுமல்ல, ஏற்றுமதி நடப்பதே வாங்குபவரின் வங்கி தரும் உத்தரவாதக் கடிதத்தை நம்பித்தான். வங்கியை வங்கி நம்பாத காலத்தில் அந்தக் கடிதமே கிடைப்பது அரிதானது. 2008 தொடக்கத்தில் டாலருக்கு 40 ரூபாய்க்குக் கீழே இருந்த மதிப்பு ஆண்டு முடிவதற்குள் 50ஐத் தொட்டது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளருக்கு நல்லது என்று புத்தகத்தில் இருக்கும். ஆர்டரே இல்லாதபோது அந்த நன்மை யாருக்கு? இறக்குமதி செய்யும் ரசாயனத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக் கடன் வட்டியில் 2 சதவீதத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. அந்தச் சலுகை பெற்ற தொழில்களின் பட்டியலில் தோல் தொழிலும் இருந்தது. அது முதலாளியின் வங்கிக் கணக்குக்கு உதவியது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்ணுக்கு ஓவர்டைம் கூலி போனது போனதுதான். ஃப்ளோரிடாவில் யாரோ கையெழுத்துப் போட்ட கடனுக்கு அவரும் தவணை கட்டினார் என்றே நான் சொல்வேன்.

இனி எதிர்காலம். இதே உருவத்தில் நெருக்கடி திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை. வங்கிகள் இன்று கூடுதல் மூலதனம் வைத்திருக்கின்றன. ஆனால் ஆபத்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2018இல் உள்கட்டமைப்புக்குக் கடன் தரும் ஐஎல் அண்டு எஃப்எஸ், 2019இல் வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் என்று, இங்கே விழுந்தவை வங்கி அல்லாத நிறுவனங்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் சில நாட்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி இரண்டே நாளில் மூழ்கியது. வரிசையில் நிற்க வேண்டிய தேவைகூட இல்லை, செல்போனிலேயே பணத்தை எடுத்துவிட்டார்கள்.

நம் வீட்டுக் கடனுக்கு வருகிறேன். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டி 4இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. 20 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை சுமார் 15,500 ரூபாய். வட்டி 9.5 ஆனால், 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,800 ரூபாயைத் தாண்டுகிறது. புதிதாகக் கடன் வாங்கியவர் அதே தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் கடன் குறையவே குறையாது, வளரும். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டின, வாடிக்கையாளர் பலருக்கு அது தெரியவே இல்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் வங்கி உங்களைக் கேட்டதா?

வைப்புத்தொகை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாதம் நூற்றுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் வட்டி தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனத்தில் ஒரு ரூபாய்க்கும் கிடையாது. அப்படிப்பட்ட ஆசை வார்த்தையை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், பணத்தை மீட்க உதவுங்கள்.

2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தவணைக் கடன் தரும்போது முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. எல்லாக் கட்டணங்களும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. அதைத் தமிழில் கேளுங்கள், கையெழுத்துக்கு முன் கேளுங்கள். இன்று கடன் தாள்களோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.