முதலில் உப்பு, அப்புறம் தண்ணீர்

டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் நண்பர்களுக்கு வணக்கம்.

"தண்ணீரைக் குறைங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! நோயாளி தலையாட்டுவார். அடுத்த முறை எடை பார்த்தால் நான்கு கிலோ கூடியிருக்கும். நாம் திட்டுவோம், அவர் தலை குனிவார். திட்டு வாங்கி யாருக்கும் தாகம் அடங்கியதில்லை.

தாகத்தைக் கிளப்பி விடுவதே உப்புதான். உடம்பில் தங்கும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பேச்சை உப்பிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 5 கிராமுக்குள், பாக்கெட் தின்பண்டத்தில் இருப்பதையும் சேர்த்து. சர்க்கரை நோயும் இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அது ஏறினாலும் நாக்கு வறளும்.

எடைக் கணக்கை அவர் கையிலேயே கொடுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் கூடும் ஒரு கிலோ பெரும்பாலும் ஒரு லிட்டர் நீர்தான். 60 கிலோ எடையுள்ளவரிடமிருந்து 4 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் இழுத்தால் இதயம் திணறும். நான்கு லிட்டர் இழுக்கும் அன்றுதான் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. பிடிப்பு விட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் காட்டினால் மனதில் பதியும். வலியில் துடிக்கும்போது வேண்டாம்.

குடிக்கும் அளவு? பொதுவாக, ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். அதைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைக்கச் சொல்லுங்கள். சூப் குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் இதிலிருந்துதான்.

புரதத்தில் பலருக்குக் குழப்பம். டயாலிசிஸ் சிகிச்சை தொடங்கும் முன்பு குறைக்கச் சொன்னோம். இப்போது எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறோம். ஏன் மாறியது என்று சொல்ல வேண்டாமா? டயாலிசிஸில் புரதச் சத்தும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, அதனால்தான். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சமைப்பவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்பார்கள். "நாளைக்கு என்ன சமைப்பீங்க, எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "சோடியம் குறைந்த உப்பு வாங்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பயமே அங்கேதான். அந்த வகை உப்புகளில் பெரும்பாலும் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் ஏறினால் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பு நின்றுவிடலாம். அந்தப் பாக்கெட்டை அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.