மஞ்சள் கருவுக்குப் போதும், ஓட்டுக்குப் போதாது

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று பல பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், பாதிப் பேர் வீட்டில் நாலைந்து கோழியாவது இருக்கும், அதனால் கோழிக்கு முருங்கை இலைப் பொடி கொடுப்பது பற்றி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பெங்களூரில் கோழிக்குக் குருணையும் மிச்சச் சோறும் கேழ்வரகும்தான் அதிகம் போடுகிறோம். மஞ்சள் கரு வெளுத்துப் போவதற்குக் காரணம் அதுதான். அந்த நிறத்தைக் கோழியால் தானாக உண்டாக்க முடியாது; மஞ்சள் மக்காச்சோளத்திலோ பச்சை இலையிலோ இருக்கும் லூட்டின் போன்ற நிறமிகள் தீனி வழியாகத்தான் போக வேண்டும். முருங்கை இலைப் பொடி கொடுத்துப் பாருங்கள், ஒரு கரு முழுசாக வளரப் பத்து நாள் போல ஆகும் என்பதால் அதற்குள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, நிறம் வந்துவிட்டது, இனி தீவனமே வேண்டாம், முருங்கையே போதும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கோழி பாவம். கணக்குப் போடுவோம். முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் 5 சதவீதம் இலைப் பொடி என்றால் ஐந்தரை கிராம். முருங்கைப் பொடியில் நூற்றுக்கு இரண்டு பங்கு போல சுண்ணாம்புச் சத்து என்று வைத்தால் கிடைப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் வேண்டும்! கிளிஞ்சல் தூள் போடாமல் முருங்கையை நம்பினால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டும். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. கீரை மேல் இருந்த ஆசையில் தீவனத்தைக் குறைத்தேன், தோல் முட்டையாக விழுந்தது, ஒரு கோழி காலை ஊன்றி நிற்கவே முடியாமல் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இலைப் பொடியின் அளவைக் கூட்டவும் கூடாது. கோழி ஆடு மாடு இல்லை, நார் நிறைய செரிக்காது, இலையால் வயிறு நிறைந்தால் புரதம் குறைந்து முட்டை நின்றுவிடும். அதிலும் ஆடு மாட்டுக்குப் போடும் சூபாபுல் மரத்தின் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, தெரியாமல் ஒடித்துப் போடாதீர்கள்.

அப்புறம் காய வைக்கும் முறை. வெயிலில் போட்டால் நிறமி போய்விடும், நிழலில்தான் காய வேண்டும். நாலைந்து கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ தேறும். நம் பெங்களூரு மழைக்காலத்தில் இலை சரியாகக் காயாது, மொறுமொறுப்பு வராமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். அந்த மாதங்களில் பொடியை விட்டுவிட்டுத் தினமும் ஒரு பிடி பச்சைக் கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தித் தின்னட்டும்.

நான் கொண்டுவந்த பொடி பின்னால் மேஜையில் இருக்கிறது. பச்சை மாறாமல், காய்ந்த புல் வாசனையோடு இருக்கும். தொட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டில் காய வைப்பதும் அப்படி வந்தால் கோழிக்குக் கொடுக்கலாம்.