"டு" எங்க வரணும், அதுக்குப் பக்கத்துல என்ன வரணும்

[திரையில்: த சூப்பர்வைசர் ஆஸ்க்ட் மீ க்விக்லி டு செக் த மெஷின்]

வணக்கம்ங்க. ஸ்கிரீன்ல இருக்கற வாக்கியத்த ஒரு தடவ படிச்சுப் பாருங்க. சூப்பர்வைசர் அவசரமா வந்து சொல்லிட்டுப் போனாரா, இல்ல மெஷின சீக்கிரமா செக் பண்ணச் சொன்னாரா? ரெண்டு மாதிரியும் எடுத்துக்கலாம், அதுதான் பிரச்சன. ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போற நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்க ஷிஃப்ட் ரிப்போர்ட்லயும் மெயில்லயும் இந்த மாதிரிதான் எழுத வேண்டியிருக்கு, ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருந்தும் படிக்கறவங்களுக்கு விஷயம் மாறிப் போயிடுது.

முதல்ல இந்த "டு கோ", "டு செக்", "டு ஈட்" எல்லாம் என்னன்னு பாத்துடலாம். இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு இன்ஃபினிட்டிவ். நமக்கு இது புதுசே இல்லைங்க, ஸ்கூல்ல நன்னூல் படிக்கறப்ப "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சம்னு சொல்லிக் குடுத்தாங்களே, அதுக்கு ரொம்பப் பக்கம். போக, வர, திங்க, வாங்க. "மாங்கா வாங்க சந்தைக்குப் போனேன்" அப்படின்னா அந்த "வாங்க"தான் "டு பை". இந்த ஒண்ண மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி வேல முடிஞ்சிடும்.

இப்ப வினைச்சொல்லுக்கு வருவோம். வாண்ட், டிசைட், ப்ளான், ஹோப், ப்ராமிஸ், ரெஃப்யூஸ், அக்ரீ, மேனேஜ் இதெல்லாம் பின்னாடி "டு" கேக்கும். இன்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் இதெல்லாம் "இங்" கேக்கும், அதாவது ட்ரிங்கிங், கோயிங் மாதிரி "இங்"ல முடியற வடிவம். இத மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், வேற வழி இல்ல. ஆனா ரெண்டையுமே ஏத்துக்கற வினைங்க சிலது இருக்கு, அங்க அர்த்தமே மாறும், அங்கதான் நம்ம தமிழ்க் காது நல்லா உதவும்.

[திரையில்: ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ. ஐ ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ.]

முதல் வாக்கியம், தொப்பூர் கணவாய் தாண்டினதும் வண்டிய ஓரம் கட்டிட்டு டீ குடிக்க நின்னேன். ரெண்டாவது, டீ குடிக்கறதையே விட்டுட்டேன். "குடிக்க" வந்தா "டு", "குடிக்கறத" வந்தா "இங்". தமிழ்ல சொல்லிப் பாத்தாலே எது வரணும்னு தெரிஞ்சுடுது பாருங்க.

அடுத்தது ரிமெம்பர். "ரிமெம்பர் டு ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்"னா மோட்டார ஆஃப் பண்ண மறந்துடாத, வேல இனிமேதான் நடக்கணும். "ஐ ரிமெம்பர் ஸ்விட்சிங் ஆஃப் த மோட்டார்"னா ஆஃப் பண்ணது ஞாபகம் இருக்கு, வேல முடிஞ்சு போச்சு. ஆஃப் பண்ண, ஆஃப் பண்ணது, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபர்கெட்டும் இதே கதைதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ட்ரை. "ஐ ட்ரைட் டு ஓபன் த விண்டோ"ன்னா ஜன்னலத் திறக்கப் பாத்தேன், பெரும்பாலும் அது திறக்கலன்னுதான் கேக்கறவங்க புரிஞ்சுப்பாங்க. "ஐ ட்ரைட் ஓபனிங் த விண்டோ"ன்னா திறந்து பாத்தேன், ஜன்னல் திறந்துச்சு, ஆனா வெக்க குறைஞ்சுதா இல்லையாங்கறது வேற கேள்வி. திறக்கப் பாத்தேன், திறந்து பாத்தேன். இங்கிலீஷ் கிராமர் புக்குல ஒரு பக்கம் விளக்கற விஷயத்த நாம சின்ன வயசுலேர்ந்து யோசிக்காமலே பேசிட்டு இருக்கோம்ங்க, அப்புறம் எதுக்கு இங்கிலீஷ் நமக்கு வராதுன்னு நெனைக்கணும்.

ஆனா எல்லா இடத்துலயும் தமிழ நம்பிப் போக முடியாது. "எனக்குப் பாட்டு கேக்கப் பிடிக்கும்"னு சொல்றோமேன்னு "ஐ இன்ஜாய் டு லிசன்"னு எழுதினா தப்பு, "இன்ஜாய் லிசனிங்"தான். "போகச் சொல்லி யோசன குடுத்தாரு"ங்கறத "ஹி சஜஸ்டட் மீ டு கோ"ன்னு எழுதறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், அதுவும் கூடாது, "ஹி சஜஸ்டட் தட் ஐ கோ" அல்லது "ஹி சஜஸ்டட் கோயிங்". "நீ வரணும்னு நெனைக்கறேன்" அப்படிங்கறதுக்கு "ஐ வாண்ட் தட் யூ கம்" வராது, "ஐ வாண்ட் யூ டு கம்". மேக், லெட் ரெண்டுக்கும் பின்னாடி "டு"வே கிடையாது, "ஷி மேட் மீ வெய்ட்", "லெட் ஹிம் கோ". ஹெல்ப் மட்டும் எப்படி வேணா வரும். இதுல ஒரு வேடிக்க என்னன்னா அதே மேக்க பாஸிவ்ல, அதாவது செயப்பாட்டு வினையா போட்டா "டு" திரும்ப வந்து உக்காந்துக்கும், "ஐ வாஸ் மேட் டு வெய்ட்".

சரி, இப்ப அட்வெர்ப், அதாவது க்விக்லி, சீக்கிரமா மாதிரி வினை எப்படி நடந்துச்சுன்னு சொல்ற வார்த்த.

[திரையில் மறுபடி: த சூப்பர்வைசர் ஆஸ்க்ட் மீ க்விக்லி டு செக் த மெஷின்]

தமிழ்ல அட்வெர்ப் பொதுவா தனக்கு அடுத்து வர்ற வினையோட ஒட்டிக்கும். "சீக்கிரமா செக் பண்ணச் சொன்னாரு"ன்னா சீக்கிரம் செக்குக்கு. இங்கிலீஷ்ல அட்வெர்ப் முன்னாடி இருக்கறதையும் புடிக்கும் பின்னாடி இருக்கறதையும் புடிக்கும், அதனால ரெண்டு வினைக்கு நடுவுல அத விட்டீங்கன்னா யாரோடதுன்னே தெரியாது. சொன்னது அவசரம்னா "க்விக்லி ஆஸ்க்ட் மீ டு செக்". செக் பண்றது அவசரம்னா "ஆஸ்க்ட் மீ டு செக் த மெஷின் க்விக்லி". குழப்பமே வராது.

"நாட்"டும் அப்படித்தான், எங்க வைக்கறோம்கறது ரொம்ப முக்கியம். "ஐ டிசைடட் நாட் டு கோ"ன்னா போகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். "ஐ டிட் நாட் டிசைட் டு கோ"ன்னா போறதா முடிவே பண்ணல. இன்டர்வ்யூல வேலைய ஏன் விட்டீங்கன்னு கேக்கறப்ப இது மாறிப் போச்சுன்னா சொல்ல வந்ததே வேற ஆயிடும். "ஐ ரியலி டோன்ட் வாண்ட் டு கோ", எனக்குப் போகவே இஷ்டமில்ல. "ஐ டோன்ட் ரியலி வாண்ட் டு கோ", அவ்வளவா இஷ்டமில்ல. அதே வார்த்தைங்கதான், ரியலி ஒரு இடம் தள்ளிப் போனதுக்கே வேகம் குறைஞ்சிடுச்சு.

"டு"வுக்கும் வினைக்கும் நடுவுல அட்வெர்ப் வரலாமான்னு கேப்பீங்க, "டு க்விக்லி செக்" மாதிரி. இதுக்கு ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ்னு பேரு. இது தப்புன்னு நிறைய பேரு சொல்லிக் குடுக்கறாங்க. 1864-ல இங்கிலாந்துல கேன்டர்பரி தேவாலயத்தோட டீனா, அதாவது தலைமைக் குருவா இருந்த ஹென்றி ஆல்ஃபோர்ட் இத எதிர்த்து எழுதினாரு, இங்கிலீஷ் பேசறவங்ககிட்ட இந்த வழக்கமே இல்லன்னாரு, ஆனா 14-ஆம் நூற்றாண்டு எழுத்துலயே இது இருக்கு. 1926-ல ஃபவுலர்ங்கற அகராதி ஆசிரியர், இங்கிலீஷ எப்படி எழுதணும்னு சொல்ற தன்னோட சொல்வழக்கு அகராதியில, அர்த்தம் குழம்பறதுக்கோ செயற்கையா எழுதறதுக்கோ பதிலா பிரிச்சே எழுதலாம்னு சொல்லிட்டாரு. நான் ஃபவுலர் பக்கம்தான். "வீ எக்ஸ்பெக்ட் டு மோர் தேன் டபுள் அவர் மாங்கோ பல்ப் சேல்ஸ்"னு கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கம்பெனி ஒண்ணு எழுதுதுன்னு வெச்சுக்கங்க, அந்த "மோர் தேன்" எங்கயும் நகராது, நகத்திப் பாருங்க, வாக்கியம் உடைஞ்சிடும். எக்ஸாம்ல மட்டும், கேள்வி எடுக்கறவங்க பழைய விதிய வெச்சிருக்கலாம், அங்க ஜாக்கிரதையா எழுதுங்க.

கடைசியா ஒரு ஜோடி, நம்ம பசங்க எழுத்துல நான் அதிகமாப் பாக்காதது, ஆனா கட்டாயம் தெரிஞ்சுக்கணும்னு ஆசப்படறது, "ஒன்லி டு".

[திரையில்: வீ வென்ட் ஆல் த வே டு ஒகேனக்கல், ஒன்லி டு ஃபைண்ட் தட் த பரிசல் ரைட்ஸ் ஹேட் பீன் ஸ்டாப்ட்]

இங்க "டு ஃபைண்ட்"டுன்னா கண்டுபிடிக்கறதுக்காகப் போனோம்னு அர்த்தம் இல்ல. "ஒன்லி" முன்னாடி வந்து உக்காந்ததும் நோக்கம் போயி விளைவு வந்துடுது, அதுவும் ஏமாத்தமான விளைவு. அவ்வளவு தூரம் ஒகேனக்கல் போனோம், போய்ப் பாத்தா காவேரியில தண்ணி ஜாஸ்தின்னு பரிசல நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்த "போய்ப் பாத்தா"தான் இந்த "ஒன்லி டு ஃபைண்ட்".