குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை

(மட்டக்களப்பில் தவக்காலக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஆயர் ஆண்டகையின் சார்பில் வந்திருக்கும் குருமுதல்வர் அடிகளார் அவர்களே, அருட்சகோதரிகளே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அம்மணி அவர்களே, சட்டத்தரணி நண்பர்களே, அயல் கோவில் வண்ணக்கர் ஐயா அவர்களே, பள்ளிவாசலிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, என் அன்புக்குரிய பெரியோர்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் மாலை வணக்கம்.

குருமுதல்வர் அடிகளார் காலையில் வாகரையில் ஒரு நிகழ்வை முடித்துவிட்டு, சாப்பிட்டாரோ இல்லையோ, நேரே இங்கே வந்திருக்கிறார். அவருக்கு நம் எல்லோருடைய நன்றி. மௌலவி அவர்கள் நோன்பு திறக்கப் போக வேண்டும், அவர் நடுவில் எழுந்து போனால் யாரும் தவறாக நினைக்க வேண்டாம். நம் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் சேர்ந்து வந்திருக்கும் நாட்களில் இந்தத் தலைப்பைப் பேசக் கிடைத்ததை நான் ஒரு கொடையாகவே நினைக்கிறேன். சிறைச்சாலையில் கடமையாற்றும் ஒரு அதிகாரியும் விடுமுறை நாளென்று பாராமல் குடும்பத்தோடு வந்து பின்வரிசையில் இருக்கிறார். ஐயா, முன்னால் வந்து இருங்கள். உங்களைப் பற்றியும் பேசப் போகிறோம், நல்லதாகத்தான்.

மூன்று விடயங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன். குற்றத்தையும் தண்டனையையும் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்பது ஒன்று. நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இரண்டு. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் மூன்று.

அதற்கு முன் எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், வந்து தட்டி எழுப்பி, "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை மனே, எழும்பு" என்று சொல்லிச் சோறு போடுவா. ஆனால் சோறு போடுவதற்கு முன் சட்டியை உடைத்தது யார் என்று கேட்காமல் விடமாட்டா. உடைத்தவன் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டியைச் சுமந்து வருவதும் அவன்தான். அதன் பிறகு அந்தச் சட்டியைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கக் கூடாது. நான் படித்த முதல் நீதிமன்றம் அதுதான்.

பாவசங்கீர்த்தனம் என்கிற திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனமும் இதே வழியில்தான் போகிறது. மனம் வருந்த வேண்டும், வாய்திறந்து சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும், அப்புறம் மன்னிப்பு. களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தால் குருவானவர் செபத்தை மட்டும் கொடுத்து அனுப்ப முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று சொல்ல வேண்டும். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்தபோது வரிதண்டுகிற சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகத் தானே சொன்னான். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் குற்றத்தையும் தண்டனையையும் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களும் இந்த அருட்சாதனத்தை வைத்துத்தான் பேசினார்கள். குற்றம் செய்தவன் பொறுப்பேற்க வேண்டும், பாதிக்கப்பட்டவரைக் கவனிக்க வேண்டும், உடைந்த சமூகத்தை ஒட்ட வைக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரம். பழிவாங்குவதையும் அவர்கள் ஏற்கவில்லை, கண்டும் காணாமல் விடுவதையும் ஏற்கவில்லை. சிறைகள் நிரம்பி வழியும் ஒரு நாட்டிலிருந்து வந்த குரல் அது.

மரண தண்டனையைப் பற்றி முன்பு நம் மறைக்கல்வி கொஞ்சம் இடம் விட்டுத்தான் பேசியது. 2018 ஓகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் அந்தப் பகுதியை மாற்றினார். எந்த நிலையிலும் அதை ஏற்க முடியாது என்பதுதான் இன்று திருச்சபையின் போதனை. இலங்கையில் கடைசியாகத் தூக்குக் கயிறு பயன்பட்டது 1976இல். அந்தக் கயிறு திரும்ப வரவேண்டும் என்று நம் கோவில் முற்றத்திலேயே சிலர் கதைக்கக் கேட்டிருக்கிறேன். "அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டுக்குச் சொன்னதை மனிதனுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன், வாவிக்கரையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அறுபது தாண்டிய ஒரு பெரியவர், தோணி வைத்து இறால் பிடிக்கிறவர். மாரியில் முகத்துவாரம் திறந்துவிட்டால் அவருக்கு நித்திரை இல்லை. அந்தச் சில கிழமைகளின் உழைப்புத்தான் வருடத்தின் பாதிச் சாப்பாடு. அப்படி ஒரு மாரி தொடங்கும் நேரத்தில் அவர் புதிதாக வாங்கிய இரண்டு வலைகள் காணாமல் போயின.

எடுத்தவன் மூன்று வளவு தள்ளி இருந்த பொடியன், 22 வயது. தாய் நுண்கடன் எடுத்திருந்தா. கிழமைக் கட்டுக்காசு வாங்க வந்தவர் பொழுதுபடும்வரை வாசலில் குந்தியிருப்பார், தாய் குசினிக்குள் ஒளிந்திருப்பா. பொடியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரவில் போய் வலையைச் சுருட்டினான். செய்தது களவுதான், அதில் மாற்றுக் கதை இல்லை. பாதி விலைக்கும் குறைவாக விற்றான். இரண்டு நாளில் பொலிஸ் பிடித்தது, வலை கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டப்பணம் 10,000 ரூபாய், கட்டத் தவறினால் மூன்று மாதம். கட்டுக்காசே கட்ட முடியாத வீட்டில் 10,000 ரூபாய்க்கு எங்கே போவது? மறியலுக்குப் போனான்.

மாதாந்தம் கைதிகளைப் பார்க்கப் போகிற நாங்கள் அவனைக் கண்டோம். தலை நிமிரவில்லை. நான் பெரியவரிடம் போனேன், அவருக்கு மன்னிப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று. அவர் வலை பொத்திக்கொண்டே கேட்டார்: "சேர், அவன் உள்ளுக்குக் கிடந்தா எண்ட வலை வந்திருமா? எனக்கு வலையும் போச்சு. அவனுக்கு அங்க சோறு போடுறதும் நம்மட காசு. அவன வெளியில எடுங்க. எண்ட தோணியில தண்டு பிடிக்க ஆள் இல்ல." மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுகிற மனிதர். நான் மனதில் கட்டிக்கொண்டு போன பிரசங்கம் முழுவதையும் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

ஆறு பேர் காசு சேர்த்துத் தண்டப்பணத்தின் மிச்சத்தைக் கட்டி எடுத்தோம். அடுத்த நாள் பெரியவர் வீட்டு விறாந்தையில் எல்லோரும் கூடினோம். பொடியன், தாய், மீனவர் சங்கத் தலைவர், நான், பெரியவர், அவருடைய மனைவி. எந்த நேரம் வந்தாய், எப்படிச் சுருட்டினாய், யாருக்கு விற்றாய் என்று எல்லாம் கேட்டார்கள், அவன் எல்லாம் சொன்னான். கடைசியாக அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அந்த வலை வாங்க எண்ட தாலிக்கொடிய அடகு வச்சது தெரியுமா உனக்கு?" அவனுக்குத் தெரியாது. பொலிஸில் அழாதவன், நீதவான் முன் அழாதவன், மறியலில் அழாதவன், அந்தத் திண்ணையில் விழுந்து அழுதான்.

அடுத்த இரவிலிருந்து தோணியில் போனான். அவனுடைய பங்கில் மூன்றில் ஒன்று ஒரு பால்மா டின்னுக்குள் போகும். அந்த அம்மா அவனுக்குத் தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவா, முகம் பார்க்க மாட்டா. அவவைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நடுவில் நாலு நாள் அவன் வரவே இல்லை, கசிப்புக் குடி. பெரியவர் அவன் வீட்டுப் படலையில் போய் நின்று, "தோணி தள்ள ஆள் இல்ல மனே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாராம். அன்றிரவு வந்தான். தைப்பொங்கலுக்கு முதலாவது வலை வந்தது. ஆடியில் இரண்டாவது வலை வந்தது. அன்றைக்கு அந்த அம்மா படிக்கு வந்து, "உள்ளுக்கு வந்து தின்னு" என்று கூப்பிட்டிருக்கிறா. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. ஆனால் குற்றத்தைப் பார்த்து, சொல்லி, இரண்டு வலைக்கு உழைத்த பிறகு வந்த சுற்றம் அது.

நம் நீதிமன்றங்களில் ஒரு கேள்வி கேட்பார்கள், சட்டத்தரணிகளுக்குத் தெரியும்: குற்றவாளியா, சுற்றவாளியா? சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். அந்தச் சொல்லின் வேர் எதுவோ, சுற்றவாளி என்றால் சுற்றம் உள்ளவன் என்றே என் காதில் விழுகிறது. குற்றம் செய்கிறவன் தன் சுற்றத்தை அறுக்கிறான். நாம் அவனைத் தூக்கி உள்ளே போட்டு மிச்ச நூலையும் அறுக்கிறோம். வெளியே வரும்போது அவனுக்கு உள்ளே பழகியவர்கள்தான் சுற்றம்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. நாங்கள் எடுத்துவிட்ட இன்னொருவர் ஆறு மாதத்தில் திரும்பி உள்ளே போனார். அவரையும் பார்க்கப் போகிறோம்.

நேரம் போய்விட்டது, சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு பிணக்குகளை இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நம் ஆட்கள் பலர் இன்னும் பழைய பேரில் இணக்க சபை என்கிறார்கள். சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் சமுதாய வேலையில் ஈடுபடுத்த நீதிமன்றத்துக்கு வழி திறந்தது 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். சட்டம் இருக்கிறது. அப்படி வருகிறவருக்கு வேலை கொடுக்கவும், கூட நின்று பார்க்கவும் ஊர் முன்வர வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். ஆனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது பாவம். 1988 ஜூன் 6ஆம் திகதி சந்திரா பெர்னாண்டோ அடிகளார் நம் மரியாள் பேராலய வளவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமல் போனார். அவரும் கூட வந்தவரும் இன்றுவரை திரும்பவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயா கொல்லப்பட்டார், அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் சிறுபிள்ளைகளையும் இழந்தோம். மன்னிக்கிறோம் என்று சொல்ல நம்மில் பலர் தயார். என்ன நடந்தது என்று சொல்ல யாரும் வரவில்லை. திண்ணையில் வந்து உட்காராதவனிடம் தேத்தண்ணியை எப்படிக் கொடுப்பது? ஒப்புரவின் பேரில் உண்மையை மூடிவைக்க யாரும் நம்மைக் கேட்கக் கூடாது.

இந்தியாவில் 1995இல் சகோதரி ராணி மரியாவைக் குத்திக் கொன்றவரை, ராணி மரியாவின் சொந்தத் தங்கை, அவரும் துறவிதான், 2002இல் சிறைக்குப் போய் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அதற்குக் கேரளத்துக் குடும்பம் முழுவதும் துணை நின்றது. அந்த மனிதர் 2006இல் விடுதலையாகி வந்தார். அந்த மனம் நமக்கு ஒரே நாளில் வராது என்று எனக்குத் தெரியும்.

அதனால் சிறிய இடத்தில் தொடங்குவோம். நம் நாட்டில் தண்டனை பெற்று மறியலுக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். சிறைச்சாலைத் திணைக்களத்தின் கணக்கே வருடா வருடம் அதைக் காட்டுகிறது. காசுள்ளவன் அதே குற்றத்துக்குக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறான். புனித பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலமோனுக்கு, அவருடைய அடிமை ஒனேசிமுவுக்காக எழுதியதை நினைத்துப் பாருங்கள். ஒனேசிமு உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளும், நான் தருகிறேன் என்று தன் கைப்படவே எழுதினார்.

இந்தத் தவக்காலத்தில் ஒவ்வொரு வீடும் வெள்ளிக்கிழமை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசை இதற்காக எடுத்து வைக்க வேண்டுமென்று கேட்கிறேன். முதற்தடவை சிறு குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்களின் தண்டப்பணத்துக்கு அது போகும். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் போய்க் கேட்காமல் ஒருவரையும் எடுக்க மாட்டோம். காசைவிட எனக்கு ஆட்கள்தான் தேவை. தோணி, அரிசி ஆலை, மேசன் வேலை, எதுவாக இருந்தாலும் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளத் துணிகிறவர்கள் வேண்டும். திண்ணையில் கூட இருந்து கேட்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வேண்டும். மாதத்தில் ஒரு நாள் இலவசமாக வழக்குப் பார்க்க ஒரு சட்டத்தரணி வேண்டும், முன்வரிசையில் இருவர் சிரிக்கிறார்கள், நான் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாசல் மேசையில் அருட்சகோதரி கொப்பியோடு இருக்கிறா. முதல் பக்கத்தில் முதல் பேர் அந்தப் பெரியவருடையது. இரண்டாவது பேர், வலை எடுத்த பொடியனுடையது. மூன்றாவது வரி வெறுமையாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பங்கு வளவிலிருந்து கைதிகளைப் பார்க்கப் புறப்படுகிறோம், வரக்கூடியவர்கள் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். நன்றி.