ஒரே எஞ்சின், மூன்று மிஷின்: கோத்தகிரி பட்டறையிலிருந்து

வணக்கம் மக்களே. பின்னால் கேட்பது மழை இல்லை, தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற மிச்சம். நேற்று ராத்திரி எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, கரண்ட் இன்னும் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கோத்தகிரிப் பக்கம் இப்படித்தான். போன மாதமே சாணைக்கு வந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் அப்படியே கிடக்கின்றன. கொடுத்தவர்கள் வழியில் பார்த்தால் நான் டீக்கடைக்குள் நுழைந்துவிடுகிறேன்.

அதற்காகத்தான் இது. பழைய பம்ப் செட்டிலிருந்து கழற்றிய 5.5 எச்.பி. பெட்ரோல் எஞ்சின், இரும்பு ஆங்கிளில் அடித்த ஒரு சட்டம். சட்டத்தின் மறுபாதி காலியாக இருக்கிறது, பாருங்கள். கம்ப்ரசர், சாணை, தண்ணீர் பம்ப், எது வேண்டுமோ அது அங்கே வந்து உட்காரும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளேட்டில் முடுக்கி வைத்திருக்கிறேன். பிளேட்டை இந்த இரண்டு முளையில் இறக்கி, ஒரு போல்ட்டை முடுக்கினால் சரி.

சொல்ல எளிது. எந்த மிஷினை வைத்தாலும் அதன் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், எஞ்சின் புல்லிக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். முதல் தடவை அளந்து வைத்துத்தான் வெல்டிங் அடித்தேன், ஆனால் சூட்டில் ஆங்கிள் இழுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கோணல்தான், பெல்ட் மட்டும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கழன்று விழுந்தது. இப்போது நூல் பிடித்துக் காட்டுகிறேன். இரண்டு புல்லியின் முகத்திலும் நூல் நாலு இடத்தில் படுகிறதா? அவ்வளவுதான் வேண்டும்.

பெல்ட்டை இறுக்க முதலில் எஞ்சினுக்குக் கீழே கீல் போட்டேன், அதன் எடையே இழுத்துக்கொள்ளும் என்று. அது தவளை மாதிரி குதித்தது. அப்புறம் கீலை வெட்டிவிட்டு, பிளேட்டில் நீளத் துளை போட்டு, பின்னாலிருந்து இழுக்க ஒரு நீள போல்ட் வைத்தேன்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எஞ்சினில் 3 அங்குல புல்லி, ஓட்டுவது நிமிஷத்துக்கு 3000 சுற்றில். கம்ப்ரசர் சக்கரம் 10 அங்குலம், அதனால் அதற்கு 900 சுற்று கிடைக்கிறது, போதும். சாணையைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினேன், அதில் 2 அங்குல புல்லி இருந்தது. யோசிக்காமல் மாட்டி ஓட்டிவிட்டேன். கல்லின் சத்தமே வேறு மாதிரி, ஊளை. உடனே அணைத்துவிட்டு லேபிளைப் படித்தேன்: கல்லின் விளிம்பு வேகம் நொடிக்கு 35 மீட்டர் வரைதான். 4500 சுற்றில் என் 200 மில்லிமீட்டர் கல் 47 மீட்டரில் சுற்றியிருக்கிறது. வெடித்திருந்தால் இந்த வீடியோவே இல்லை. இப்போது சாணையில் 4 அங்குல புல்லி. எஞ்சினை 3600 வரை முறுக்கினாலும் கல் 2700-ஐத் தாண்டாது, 28 மீட்டர்தான் வரும். கல்லுக்கு மூடியும் பெல்ட்டுக்குத் தகர மறைப்பும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மலைக்காரர்களுக்கு ரெண்டு விஷயம். நாம் கிட்டத்தட்ட 6000 அடியில் இருக்கிறோம். காற்று மெலிசு, ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்று சக்தி குறையும். 5.5 என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது நாலரை. ஸ்பார்க் பிளக்கும் கரி பிடிக்கும், ஏனென்றால் காற்று குறைவு, பெட்ரோல் மட்டும் அதே அளவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைதான் ஜெட், அதை ஒரு அளவு சின்னதாகப் போட்டேன், புகை நின்றது. மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் பழைய ஜெட்டை மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறும். அடுத்தது சரிவு. இந்த எஞ்சினில் ஆயில் தெறித்துத்தான் மேலே போகிறது, சாய்த்து வைத்தால் தெறிக்காது. தேயிலைக் காட்டில் சமதளம் ஏது? அதனால் நாலு காலிலும் திருகு வைத்திருக்கிறேன், கூடவே ஒரு ரசமட்டம்.

தூக்குவதற்கு ரெண்டு பக்கமும் வளையம், அதில் பைப்பைச் செருகினால் ஆள் ரெண்டு பேர் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். குளிருக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, வெளியே தூக்கிக்கொண்டு போகிறோம். சோக்கைப் போட்டு... கயிறு... ம்ஹூம். இன்னொரு தரம். ஆங், பிடித்துவிட்டது. முதல் கத்தியைக் கொடு தம்பி.