மோசே நுழைந்த காரிருள்

அனைவருக்கும் வணக்கம். கடவுளை அறியாமையின் வழியாக அறிதல் என்று கிறிஸ்தவ மறைஞானிகள் சொல்வதைக் கேட்டு, படிப்பும் சிந்தனையும் வேண்டாம் என்கிறார்களோ என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தைக் களைய வேண்டும் என்றுதான் இன்று பேசுகிறேன்.

விவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில், இடியையும் மின்னலையும் கண்டு நடுங்கிய இஸ்ரயேல் மக்கள் தொலைவிலேயே நின்றுவிட, அவர்களை வழிநடத்திய மோசே மட்டும் கடவுள் இருந்த காரிருளை நெருங்குகிறார். முன்பு எரியும் முட்புதரில் கடவுள் மோசேக்குத் தோன்றியபோது ஒளியாகத் தொடங்கிய அறிதல் ஏன் இருளில் போய் நிற்கிறது என்று 4-ஆம் நூற்றாண்டில் நீசா நகர ஆயர் கிரகோரியார் கேட்டார். தேடப்படுபவர் எல்லா அறிவையும் கடந்தவர் என்பதால், அங்கே காணாதிருப்பதே காண்பதாகும் என்பது அவர் கண்ட விடை.

கி.பி. 500-ஐ ஒட்டி, சிரியாவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் ஒருவர், ஏதென்சில் திருத்தூதர் பவுலின் உரை கேட்டு மனம் மாறிய தியொனீசியுவின் பெயரைப் புனைந்துகொண்டு, ‘மறைபொருள் இறையியல்’ என்ற நூலைக் கிரேக்கத்தில் எழுதினார். ஐந்தே சிறிய அதிகாரங்கள்தாம். கல்லில் மறைந்திருக்கும் உருவம் வெளிப்படச் சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்குவதுபோல, கடவுளைப் பற்றிய சொற்களை ஒவ்வொன்றாக நீக்கச் சொல்கிறார். அந்த நீக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கடவுள் கல் அல்லர், சினம் கொள்பவர் அல்லர் என்று கீழ்ப்படியில் தொடங்கி, ஏற ஏறச் சொற்கள் குறைந்து, அறிவு, ஒருமை, நன்மை என்னும் உயர்ந்த சொற்களையும் விட்டு, கடைசியில் ‘அல்லர்’ என்ற மறுப்பும் அவரை எட்டாது என்று முடிக்கிறார். ஒன்றைப் பற்றிக்கொள்ளாதவரால் அதை விட முடியாது. ஆகவே கல்வியை முழுதும் கடந்து வந்தவருக்கே இந்த அறியாமை வாய்க்கிறது.

14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெயர் தெரியாத ஒருவர் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ‘அறியாமையின் மேகம்’ என்ற நூலும் அவருடையதே. நினைப்பால் எட்டாதவரை அன்பால் பற்றலாம் என்று 24 வயதுச் சீடர் ஒருவருக்கு அதில் எழுதுகிறார். செபத்துக்கு ஒரே அசையுள்ள சொல் போதும் என்பதற்கு அவர் காட்டும் சான்று என்னை இன்றும் உலுக்குகிறது: நெருப்பில் சிக்கியவன் நீண்ட வாக்கியம் பேசுவதில்லை, ‘தீ!’ என்றே கதறுகிறான். தமிழில் அது ஓரெழுத்து ஒருமொழி.