கன்றுக்குட்டித் தோலுக்கு எதற்கு இலைப் படம்?

வணக்கம். மின்விசிறியை நிறுத்திவிட்டேன். போன வீடியோவில் என்னைவிட விசிறிதான் அதிகம் பேசியது என்று திட்டினீர்கள். செல்லூர் வெயிலில் வியர்த்துக்கொண்டே பேசுகிறேன், திருப்திதானே?

அத்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். நன்றாக இருக்கிறார். உள்ளே தூங்குகிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் பேசுகிறேன். "முகத்தை மட்டும் காட்டாதே தாயி, மற்றதைச் சொல். நான் பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது போதும்" என்றார்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். அடி இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது உள்ளே வைத்துத் தைக்கிற வலையைப் பற்றியது. இரண்டு வீடியோவுக்கு முன்னால், இறங்கிய உறுப்பைத் தாங்க உள்ளே வைக்கிற வளையத்தைப் பற்றிப் பேசியபோது, "அமெரிக்காவில் தடை செய்தது பிளாஸ்டிக் வலையைத்தான், உயிரி வலைக்கு ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? தவறு. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொன்னதைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிவிட்டேன். அந்த எரிச்சல்தான் இன்றைய வீடியோ.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. அத்தைக்கு அடி இறக்கம். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கிக்கொண்டிருக்கிற தசையும் சவ்வும் தளர்ந்து, உறுப்பு கீழே இறங்கி, கழுவும்போது கோழிமுட்டை போலக் கையில் தட்டுப்படும். சோழவந்தான் பக்கம் நாற்று நட்டவர் அவர். நான்கு பிரசவம், நான்கிலும் இருபதாம் நாளே களையெடுக்கப் போய்விட்டார். இரண்டு வருடம் சிலிக்கான் வளையம் வைத்துச் சமாளித்தோம். அது புண்ணாக்க ஆரம்பித்ததும்தான் அறுவை சிகிச்சை என்ற பேச்சே வந்தது.

முதல் ஆஸ்பத்திரியில் மதிப்பீட்டுத் தாள் ஒன்று கொடுத்தார்கள். அறை, மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம் என்று வரிசையாகப் போய், நடுவில் ஒரு வரி: உயிரி வலை, 48,000 ரூபாய். என்னம்மா இது என்றால், பளபள அட்டை ஒன்றை நீட்டுகிறார் அந்தப் பெண். பச்சை நிறம். மூலையில் ஒரு இலை. "இயற்கையானது மேடம், பக்கவிளைவே கிடையாது." எந்த இயற்கை, எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார், மறுபடி திருப்பிப் பார்க்கிறார். அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பளபள அட்டை என்றாலே ஆகாது, உங்களுக்குத் தெரியும்.

பிறகுதான் இரண்டாவது மருத்துவரிடம் போனோம். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. அட்டையும் இல்லை, இலையும் இல்லை, மேஜையில் ஒரு பழைய கைக்குட்டைதான் இருந்தது. அதை இரண்டு கையிலும் தொட்டிலாகப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் பேசினார். "சிறுநீர்ப்பை இந்தத் தூளியில் கிடக்கிறது. துணி தளர்ந்து தொங்கிவிட்டது. உங்கள் துணியையே மடித்து இழுத்துத் தைக்கலாம். இல்லையென்றால் வேறு துணியில் ஒட்டுப் போடலாம். அந்த ஒட்டுதான் வலை."

பன்றியின் தோல், பன்றிக் குடலின் உட்சவ்வு, மாட்டின் இதய உறை, இறந்தவர் தானமாகக் கொடுத்த தொடைச் சவ்வு என்று பலவற்றில் இதைச் செய்கிறார்களாம். செல்களையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, கொலாஜன் சட்டத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். உள்ளே வைத்ததும் நம் செல்லும் ரத்தக்குழாயும் அதற்குள் வளர்ந்து புகும். பெரும்பாலும் ஒட்டு மெதுவாகக் கரைந்துபோகும். பிளாஸ்டிக் போல ஆயுசுக்கும் உள்ளே கிடந்து சதையை அறுக்காது, அதில் நல்லதுதான். ஆனால் கரைந்த பிறகு தாங்கவேண்டியது நம் சதைதானே? அது எவ்வளவு பலமாக வளர்ந்ததோ அவ்வளவுதான் பலம்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பன்றி என்றால் பரவாயில்லை, நம் கருப்பசாமிக்கு வெட்டுவதுதான். மாடு வேண்டாம்" என்றார். மருத்துவரம்மா சிரித்த சிரிப்பில் கைக்குட்டை கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கும்போதே அத்தை இன்னொன்று சொன்னார். "நைந்த சேலையில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும் டாக்டரம்மா, ஓரம்தான் கிழியும்." நான் வாயைப் பிளந்துவிட்டேன். பள்ளிக்கூடமே போகாதவர் அவர்.

தடை விஷயத்தை அங்கேதான் கேட்டேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில், அடிவழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாக, வைக்கிற இந்த வலைகளை இனி விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதில் சிக்கிய பொருள்கள் மூன்று. இரண்டு பிளாஸ்டிக். மூன்றாவதின் பெயர் ஸென்ஃபார்ம். அது எதில் செய்தது தெரியுமா? பிறக்காத கன்றுக்குட்டியின் தோலில்! உயிரி வலைக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னேனே, அந்த மூன்றில் ஒன்றே உயிரி வலைதான். பத்திரமானது, நெடுநாள் பயன் தருவது என்பதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கன்றுக்குட்டித் தோலுக்கு எதற்கையா இலைப் படம்?

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த உத்தரவு அடிவழியாக வைக்கிற வலைக்கு மட்டும்தான். வயிறு வழியாகப் போய் முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் கட்டுகிற அறுவை சிகிச்சை வேறு, அதற்கு இது பொருந்தாது. ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டவர்கள் இதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் செய்த ஆய்வையும் அந்த அம்மாதான் சொன்னார். லான்செட் இதழில் 2017இல் வந்தது. முதன்முறை அறுவை சிகிச்சைக்கு வந்த 1,300க்கும் மேற்பட்ட பெண்கள். சிலருக்குச் சொந்தத் திசுவிலேயே தையல், சிலருக்குச் செயற்கை வலை, சிலருக்கு உயிரி ஒட்டு. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக் கேட்டுப் பார்த்தால், வலையோ ஒட்டோ வைத்தவர்கள் வெறும் தையல் போட்டவர்களைவிடச் சுகமாக ஒன்றும் இல்லை. செயற்கை வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலையாலேயே தொல்லை. அப்புறம் எதற்கு 48,000?

அந்த அம்மா உயிரி ஒட்டை அடியோடு ஒதுக்கவும் இல்லை. தைத்தும் மறுபடி மறுபடி இறங்குகிறவர்களுக்கு யோசிக்கலாம், அதுவும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் என்றார். "உங்களுக்கு இது முதல் முறை. துணியைவிட முக்கியம் கயிறு. தூளியை எவ்வளவு தைத்தாலும் மேலே விட்டத்தில் கட்டாவிட்டால் திரும்பவும் தொங்கும்." அதனால் கருப்பையை அடிவழியாக எடுத்து, பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையை இடுப்பின் பின்பக்கத்துத் தசைநாரில் இழுத்துக் கட்டி, முன்சுவரை அத்தையின் சொந்தச் சவ்விலேயே மடித்துத் தைத்தார். முதுகில் ஊசி போட்டுச் செய்ததால் அத்தை நடுவில் விழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று கேட்டாராம்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கமோடு நாற்காலி.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது குந்துகிற கழிப்பறை. முக்கக்கூடாது, ரொம்ப நேரம் குந்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழவாசல் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 2,600. இரண்டாவதில் 2,450, ஆனால் இருக்கை கீச்சென்றது. மூன்றாவதில் 2,500 சொன்னவரிடம் வாசல்படி வரை இறங்கிப்போய்த் திரும்பி வந்து 1,900க்கு முடித்தேன். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர் போலவே காட்டிக்கொள்ளாமல் எதிர்ப்பக்கம் நின்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் ரப்பர் புஷ் இல்லை! அத்தை உட்கார்ந்தால் டக், எழுந்தால் டக். ராத்திரி நான்கு முறை. கடையில் கேட்டால், ஒன்றாகத் தரமாட்டோம், நான்கும் சேர்த்து 200 என்கிறார்கள். முடியாது என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து டவுன்ஹால் ரோட்டில் குடை ரிப்பேர் செய்கிற பெரியவர், பழைய கைத்தடியில் இருந்து ஒன்றைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி மாட்டிப்பார் என்று கொடுத்தார். பத்து ரூபாய்! அளவு எடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. சத்தமே இல்லை. 48,000 மிச்சமானதைவிட இதில்தான் எனக்குப் பெருமை, நிஜமாகச் சொல்கிறேன்.

ஆனால் அதில்தான் இப்போது வம்பு. ஆறு வாரத்துக்குச் சொம்புக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று உத்தரவு. அந்த டக் கேட்டால் அத்தை எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், ஓடிப்போய் நிற்பேன். இப்போது எப்போது எழுகிறார் என்றே தெரிவதில்லை. நேற்று குழாயில் தண்ணீர் வந்த நேரம் போய்ப் பார்க்கிறேன், முக்கால் குடம் இடுப்புக்கு ஏறப் போகிறது. "பாதிதானே தாயி" என்கிறார்.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம், தையல் எப்படி ஆறியிருக்கிறது என்று வந்து... ஒரு நிமிடம். குழாய்ச் சத்தம் கேட்கிறதா உங்களுக்கும்? நான் இங்கே இருக்கிறேன், என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார்.

அத்தை! அதை அப்படியே வையுங்கள், வருகிறேன்!